கோபுரத்துக் கவ்காவுக்குக் கண் வெளுத்த கதை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று குறுக்கே கேட்காதீர்கள், கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

செக் நாட்டில் வல்டாவா என்று ஓர் ஆறு. அதன் கரையில் கிரிவெக் என்று ஒரு சின்ன ஊர். ஆறு அந்த ஊரை முக்கால் வட்டம் சுற்றிவிட்டுத்தான் அப்பால் போகும். ஊரிலிருந்து அக்கரைக்குப் போக ஒரே ஒரு மரப்பாலம். பாலத்தின் அக்கரை முனையில் செங்குத்தான பாறை, பாறை மேல் கோட்டை. கோட்டையில் கதவைச் சாத்தினால் ஊரில் கேட்கும், அவ்வளவு நெருக்கம்.

அந்த ஊரில் கவ்கா என்று ஒரு பறவை இனம் உண்டு. நம் காக்கைக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். உருவத்தில் சின்னது, பிடரியில் சாம்பல் நிறம். இப்போது போய்ப் பார்த்தால் அதன் கண் வெள்ளையாக இருக்கும். அப்போது அப்படி இல்லை, கண்ணும் கறுகறுவென்றுதான் இருந்தது. புத்தியும் வேறு மாதிரி. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். "நாளைக்கு ஆறு மேல்நோக்கி ஓடப்போகுது" என்று தெப்பக்காரர் ஒருவர் கேலிக்குச் சொன்னால், விடிந்ததும் அதைப் பார்ப்பதற்கென்று பாலத்தின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னைக்கு ஆத்துக்கு உடம்பு சரியில்லை போல" என்று சொல்லிக்கொண்டு திரும்பும்.

அப்படிப்பட்ட கவ்கா ஜோடி ஒன்று. பெண் பெயர் ஸ்மோல்கா, ஆண் பெயர் ப்ரோகோப். பாறையடியில் நின்ற பழைய லிண்டன் மரத்தின் பொந்துதான் அவர்கள் வீடு. எதிர்க்கரையில் டோரோத்தாவின் மாவு ஆலை. டோரோத்தா புருஷன் செத்த பிறகு தனியாகவே அந்த ஆலையை ஓட்டிவந்தவள். நல்ல வாயாடி, அதைவிட நல்ல மனசுக்காரி. தினமும் காலையில் ஆலை வாசலில் ரொட்டித் துணுக்கு போடுவாள். ஸ்மோல்கா வந்து அவள் கையிலிருந்தே கொத்தித் தின்னும்.

இப்படி இருக்கும்போதுதான் கோட்டைக்குப் புதுப் பிரபு வந்து சேர்ந்தார். யெத்ரிக் பிரபு. மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவர், இந்த ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? கேட்க மாட்டார். கேட்டால் பொய் சொல்லிவிடுவார்கள் என்று பயம்! சூப்பை மூன்று பேர் குடித்துப் பார்த்த பிறகுதான் அவர் வாயில் வைப்பார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஆறிய சூப்பை ஏன் கொடுத்தாய் என்று சமையற்காரர் மேல் ஒரு சந்தேகம் வரும். மாடிப்படியில் ஏறினாலும் இறங்கினாலும் பின்பக்கமாகவே போவார், முதுகுக்குப் பின்னால் யாராவது வந்துவிடுவார்களாம். கட்டிய மனைவி ஓஃப்காவிடம்கூட ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசியதில்லை.

வந்த முதல் மாதமே லிண்டன் மரத்தைப் பார்த்தார். அதன் கிளை ஒன்று கோட்டைச் சன்னல் பக்கமாக நீண்டிருந்தது.

"யாரோ ஏறி வர்றதுக்குத்தான் இதை வளர்த்திருக்காங்க" என்றார்.

அந்த மரத்துக்கு முந்நூறு வயசு. இவர் வருவார் என்று முந்நூறு வருஷம் முன்னாலேயே சதி செய்து நட்டார்களாம்! ஆனால் பிரபு சொன்னால் சொன்னதுதான். வெட்டிப் போட்டார்கள்.

அப்போது பனி உருகத் தொடங்கியிருந்தது. ஸ்மோல்கா முட்டையிட இன்னும் மூன்று வாரம்தான். கவ்கா கிளையில் கூடு கட்டுகிற பறவை கிடையாது. பொந்து வேண்டும், ஓட்டை வேண்டும், நான்கு பக்கமும் அடைப்பு வேண்டும். ஆலைக் கூரையின் உத்தரத்தில் இரண்டும் ஒண்டிக்கொண்டு கிடந்தன. ஊர் முழுக்கத் தேடியும் காலிப் பொந்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன வருஷம் இட்ட முட்டைகளைப் புயல் கொண்டுபோயிருந்தது. இந்த வருஷமும் போனால் ஸ்மோல்காவால் தாங்க முடியாது.

"நேரா பிரபுகிட்டயே போய்க் கேட்போம். மரத்தை வெட்டினவர் ஒரு வழி சொல்லாமலா இருப்பார்?" என்றது ஸ்மோல்கா.

"அதானே!" என்றது ப்ரோகோப். அதுவும் அதே ரகம்.

ஸ்மோல்கா போய்ப் பிரபுவின் சன்னல் விளிம்பில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னது. பிரபு முதலில் பறவையின் இறக்கைக்குள் கத்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆளை வேவு பார்க்க அனுப்பினால் ஆள் விலைபோவான். பறவையை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"பொந்து வேணும், அவ்வளவுதானே? ஆத்தைப் பார்த்த என் மதில்ல நூறு சன்னல் வரப்போகுது. வேலை நடந்துக்கிட்டிருக்கு. ஒண்ணை உனக்கே உனக்குன்னு தர்றேன். காத்து புகாது, பூனை ஏறாது."

"நிஜமாவா பிரபு?"

"பதிலுக்கு நீ எனக்கு ஒண்ணு செய்யணும். ஊர்ல யார் என்ன பேசுறாங்கன்னு தினமும் வந்து சொல்லணும். ஆனா கேட்டதை மட்டும் சொல்லு. நீ என்ன நினைக்கிறேங்கிறது எனக்கு வேண்டாம். நினைக்கிற வேலையை நான் பார்த்துக்கிறேன்."

ஸ்மோல்காவுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்வதில் என்ன பொய் இருக்கிறது? சரி என்றது.

மதில் வேலை நடந்தது உண்மைதான். அம்ப்ரோஜோ என்ற இத்தாலிய ஓவியர் சாரம் கட்டி ஏறியிருந்தார். ஆனால் சாரத்தைச் சுற்றிச் சாக்குப் படுதா தொங்கியது. வேலையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது பிரபுவின் கட்டளை. ஒரு நாள் ஸ்மோல்கா படுதாவுக்கு வெளியே நின்று, "அண்ணே, என் சன்னல் எது?" என்று கேட்டது.

உள்ளே சுண்ணாம்பு கலக்கும் சத்தம் நின்றது. "மூணாவது வரிசை, மூலையிலேர்ந்து அஞ்சாவதுன்னு பிரபு சொல்லியிருக்கார்" என்றார் அம்ப்ரோஜோ. கொஞ்சம் பொறுத்து, "உனக்கு அது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"முட்டை வைக்க, அண்ணே."

 அவர் மறுபடியும் சுண்ணாம்பைக் கலக்க ஆரம்பித்தார்.

ஸ்மோல்கா வேலையைத் தொடங்கியது. காலையில் சந்தை, பிறகு நாவிதர் கடை, பிறகு ரொட்டிக் கடை. உச்சிப்பொழுதுக்குக் கோட்டைச் சன்னல்.

"நாவிதர் என்ன சொன்னார்?"

"'பிரபுவோட தாடியை ஒரு நாள் என் கையில கொடுத்தா நல்லா இருக்கும்'னு சொன்னார்."

"கழுத்தை அறுக்கவா!" என்று பிரபு தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே நாவிதர் கடையிலிருந்த கத்திகளையெல்லாம் காவலர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ரொட்டிக்காரர் "இந்த வருஷம் மாவு நல்லாப் பொங்குது" என்றால், மாவில் என்னவோ கலக்கிறான் என்று அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். தெப்பக்காரர் வாவ்ரா "வெள்ளம் ஏறினா கோட்டை வாசலுக்கே தெப்பத்தை விடலாம்" என்று சிரித்ததற்கு, அவருடைய தெப்பங்களைக் கரையில் கட்டிப்போட்டுச் சங்கிலி மாட்டினார்கள். சிரித்த பாவத்துக்கு மனுஷன் பிழைப்பு போயிற்று.

ஊருக்குச் சுருக்கென்றது. காலையில் பேசியது உச்சிக்குள் கோட்டைக்குப் போய்விடுகிறதே, யார் கொண்டுபோகிறார்கள்? நாவிதர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் வாவ்ராவைப் பார்த்தார். வாவ்ரா எல்லோரையும் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சந்தையில் விரலால் காட்டி வாங்கினார்கள், விரலால் காட்டி விற்றார்கள். "கோள் சொல்ற நாய் யாருன்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சுடுறேன்" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் வீட்டுக்குள் கறுவினார்கள். பறவையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கறுவும்போதே அதற்கு இரண்டு துணுக்கு ரொட்டியும் போட்டார்கள்.

ஸ்மோல்காவுக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. உறுத்தும்போதெல்லாம் மூன்றாவது வரிசையில் ஐந்தாவது சன்னலை நினைத்துக்கொண்டது. வயிறு கனத்துக்கொண்டே வந்தது.

மொத்த ஊரும் வாயை மூடிக்கொண்ட பிறகும் மூடாத வாய் ஒன்று இருந்தது. அது டோரோத்தாவுடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொரானா திருநாள். அந்த நாட்டில் குளிர்காலத்தை வழியனுப்பும் நாள் அது. மொரானா என்றால் குளிரும் சாவும் சேர்ந்தவள். வைக்கோலில் அவள் உருவத்தைச் செய்து, பெண்பிள்ளைச் சட்டை போட்டு, முட்டை ஓட்டில் மாலை கோத்துக் கழுத்தில் போடுவார்கள். ஊரே பாட்டுப் பாடிப் பாலத்துக்குக் கொண்டுபோய் ஆற்றில் தள்ளிவிடும். தள்ளியவுடன் எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓட வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. மொரானா பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவாளாம். திரும்பிப் பார்த்தவர் அடுத்த வசந்தத்தைப் பார்க்க மாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த வருஷம் உருவம் செய்யும் முறை டோரோத்தாவுக்கு. இரண்டு பெண்களை உட்கார வைத்துக்கொண்டு சட்டையில் கிழிசல் தைத்தாள். ஸ்மோல்கா உத்தரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்ததைப் போய்ச் சொன்னது.

"ஆலைக்காரி சட்டை தைக்கிறா, பிரபு."

"யாரோட சட்டை?"

"ஓஃப்கா அம்மாவோடது. கழுத்துல நீல நூல் வேலை இருக்கு."

பிரபு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன பேசினா? வார்த்தை மாறாம சொல்லு."

"'ஞாயித்துக்கிழமை உச்சிக்கு அவளைப் பாலத்துக்குக் கொண்டுபோவோம். தலைகீழா ஆத்துல தள்ளுவோம். தள்ளிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவோம்'னு சொன்னா."

"என் மனைவியை!"

"ஐயோ, இல்லை பிரபு, அது வெறும்..."

"போதும்! நீ நினைக்கிறது எனக்கு வேண்டாம்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா? ஞாயித்துக்கிழமை படுதாவை இறக்கப்போறேன். சன்னல் வேணுமா, வேண்டாமா?"

ஸ்மோல்காவின் வாய் வரைக்கும் வந்தது. வைக்கோல் என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வயிற்றுக்குள் முட்டை புரண்டது. இன்னும் இரண்டு நாளில் இட்டாக வேண்டும்.

"வேணும், பிரபு" என்றது. வாயை மூடிக்கொண்டது.

மனைவியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்தப் பழைய சட்டையை மொரானாவுக்கென்று டோரோத்தாவிடம் கொடுத்ததே ஓஃப்காதான். ஆனால் பிரபுவா கேட்பார்? அவளும் இதற்கு உடந்தையோ என்று சந்தேகப்பட்டு, அவளை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர்ச்சனம் மொரானாவைக் கழியில் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தது. வழக்கமாக வாய் ஓயாத பாட்டு இருக்கும். அன்றைக்கு ஆளுக்கு ஆள் சந்தேகம், முணுமுணுப்பாகத்தான் பாடினார்கள். பாலத்துக்கு அடியில் பிரபுவும் நான்கு காவலர்களும் பதுங்கியிருந்தது யாருக்கும் தெரியாது.

சரியாக உச்சியில் கோட்டையில் எக்காளம் ஊதிற்று. மதிலின் படுதா சரசரவென்று கீழே விழுந்தது. ஊரே அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. நூறு சன்னல்! நூறும் ஆற்றையும் ஊரையும் பார்த்தபடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காவலன் நிற்கிறான் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. பிரபுவுக்கு வேண்டியதும் அதுதான். பார்த்தவுடன் மொரானாவை எப்போது தள்ளுவோம், எப்போது ஓடுவோம் என்று ஆகிவிட்டது ஊருக்கு.

ஸ்மோல்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வாயில் முதல் குச்சியைக் கவ்விக்கொண்டு பறந்தது. மூன்றாவது வரிசை. மூலையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதோ என் வீடு! உள்ளே நல்ல இருட்டு, ஆழமான இருட்டு. இறக்கையை மடக்கிக்கொண்டு முழு வேகத்தில் உள்ளே பாய்ந்தது.

மடேர்!

சன்னலாவது மண்ணாவது. வெறும் சுவர். கறுப்புக் காரை பூசி, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, மேல் பூச்சைச் சுரண்டிச் சுரண்டிச் செய்த படம். நிஜச் சன்னல் வைத்தால் எதிரி ஏறி உள்ளே வந்துவிடுவானே! அதனால்தான் பிரபு நூறையும் ஓவியமாகவே எழுதச் சொல்லியிருந்தார்.

ஸ்மோல்கா கீழே இருந்த சுண்ணாம்புத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. பின்னால் வந்த ப்ரோகோப் என்ன நினைத்தது தெரியுமா? மனைவி குறி தவறிவிட்டாள் என்று நினைத்தது. "நான் காட்டுறேன் பாரு" என்று அதுவும் பாய்ந்தது. அதுவும் மடேர். அதுவும் தொட்டி.

அம்ப்ரோஜோ ஓடி வந்து இரண்டையும் தூக்கினார். எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்தார். துடைக்கும்போதே மனுஷனுக்கு அழுகை வந்துவிட்டது. "உன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் தாயீ" என்றார். பார்வை திரும்பிவிட்டது. கறுப்பு மட்டும் திரும்பவில்லை. நான்கு கண்ணும் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தன.

திறந்த கண்ணோடு ஸ்மோல்கா முதலில் பார்த்தது பாலத்தைத்தான். டோரோத்தா மொரானாவை ஆற்றில் தள்ளிவிட்டாள். ஊர்ச்சனம் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளியவள் என்பதால் டோரோத்தா கடைசி ஆள். அவள் திரும்புவதற்குள் காவலர்கள் பாலத்தில் ஏறி அவளைப் பிடித்துவிட்டார்கள். பிரபு கைப்பிடி வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தார். மிதந்தது வைக்கோல். ஒருவேளை வேறு யாராவது என்றால், அட இதுதானா என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

யெத்ரிக் பிரபு சிரிக்கவில்லை. "வைக்கோலா! என் மனைவி சட்டையைப் போட்டு வைக்கோலை மூழ்கடிச்சா அங்கே அவ செத்துப்போவாள்னு மந்திரமா? இது நான் நினைச்சதைவிட மோசம்!" என்றார். "தள்ளுங்கடா இவளையும்!"

தள்ளிவிட்டார்கள். பனி உருகிய தண்ணீர், எலும்பு வரை குளிரும். டோரோத்தா முங்கி எழுந்து, கைக்குக் கிடைத்த மொரானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வைக்கோல் அவளைத் தாங்கிற்று. ஆனால் வைக்கோல் எவ்வளவு நேரம் தாங்கும்? தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துக்கொண்டே வந்தது. சற்றுத் தள்ளி ஆலையின் தடுப்பணை. அதில் விழுந்தால் ஆள் மிஞ்சாது.

"காப்பாத்துங்க!" என்று டோரோத்தா கத்தினாள்.

ஊருக்குக் கேட்டது. எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. ஆற்றுக்குள்ளிருந்து பெண் குரல்! மொரானா கூப்பிடுகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஸ்மோல்கா அடிபட்ட இறக்கையோடு பறந்து அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. "திரும்பிப் பாருங்க! அது டோரோத்தா அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"திரும்பாதீங்க! அவ ஏமாத்துறா!" என்றார் ரொட்டிக்காரர்.

"நாவிதரே! வாவ்ரா அண்ணே! நான் ஸ்மோல்கா!"

"பேரு கூடச் சொல்றாடா சாமி!" என்று நாவிதர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

இனி என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை. யாரும் யாரையும் நம்பாத ஊராக அதை ஆக்கியதே ஸ்மோல்காதானே. அது அப்போதுதான் அதன் புத்தியில் உறைத்தது. டோரோத்தாவின் தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது. அவர்களை நிறுத்த ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் சொன்னால் அப்புறம் இந்த ஊரில் தனக்கு ஒரு பொந்துகூடக் கிடைக்காது என்று ஸ்மோல்காவுக்குத் தெரியும்.

"கோள் சொன்னது நான்தான்!" என்று கத்தியது. "நாவிதர் தாடியைப் பத்திப் பேசினதைச் சொன்னது நான்! அடுப்பை அணைக்க வச்சது நான்! தெப்பத்துக்குச் சங்கிலி மாட்ட வச்சது நான்! நீங்க தேடிக்கிட்டிருக்கிற நாய் நான்தான்!"

ஓடிய கால்கள் நின்றன. வசந்தமாவது சாவாவது! எத்தனை நாள் ஆத்திரம்! ஊர் முழுக்க ஒரே நேரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியது.

திரும்பியதும் பார்த்தார்கள். ஆற்றில் வைக்கோல் பொம்மையைக் கட்டிக்கொண்டு டோரோத்தா. பாலத்தில் பிரபு.

வாவ்ரா கரையில் கிடந்த தெப்பக் கொக்கியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மற்றவர்கள் பாலத்தைப் பார்த்து இரண்டு அடி எடுத்து வைத்தார்கள், நின்றுவிட்டார்கள். மேலே நூறு சன்னல். நூறு காவலன் அம்பு பூட்டி நின்றால்?

"அதுல ஒருத்தனும் இல்லை!" என்றது ஸ்மோல்கா. "அது சன்னலே இல்லை, சுண்ணாம்புப் படம். நான் மோதிப் பாத்துட்டேன். சந்தேகம்னா என் மூஞ்சியைப் பாருங்க!"

பார்த்தார்கள். அலகில் ரத்தம், உடம்பெல்லாம் சுண்ணாம்பு, கண் இரண்டும் வெளுத்துக் கிடந்தன. அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. அத்தனை பேர் ஒன்றாக நடந்து வருவதைப் பார்த்ததும் நான்கு காவலர்களும் ஈட்டியைப் போட்டுவிட்டு நழுவினார்கள். பிரபு கோட்டைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். போகிற வேகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படியில் முன்பக்கமாக ஏறினாராம்.

வாவ்ரா கொக்கியால் டோரோத்தாவை இழுத்துக் கரையேற்றினார். கம்பளியைச் சுற்றி நெருப்பருகே உட்கார வைத்தார்கள். பல் கிடுகிடுவென்று அடித்தது. ஸ்மோல்கா தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது.

"என் கையில ரொட்டி தின்னுட்டு, என் பேச்சை அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கே" என்றாள் டோரோத்தா.

"வைக்கோல்னு சொல்ல வந்தேன் அக்கா. சொல்ல விடலை."

"விடலையா? நீ சொல்லலையா?"

ஸ்மோல்கா தலையைக் குனிந்துகொண்டது. "சொல்லலை. சன்னல் போயிடும்னு சொல்லலை."

டோரோத்தா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "ரொட்டி வழக்கம்போலப் போடுவேன். நீ எனக்காகக் கத்தினதை மறக்க மாட்டேன். ஆனா இனிமே உன் முன்னாடி ஒரு வார்த்தை பேச மாட்டேன், போ" என்றாள்.

ஊரில் ஒரு வீட்டுக்காரரும் அதற்கு ஓட்டை தரவில்லை. முட்டையோ காத்திருக்காது. கடைசியில் ஸ்மோல்கா கோட்டைக் கோபுரத்தின் உச்சிக்குப் போனது. அங்கே புகைபோக்கி ஒன்று இருந்தது, உள்ளே நல்ல இருட்டு. ப்ரோகோப் பாயப் போயிற்று.

"நில்லு!" என்றது ஸ்மோல்கா. "இருட்டைப் பாத்து ஒரு தடவை ஏமாந்தது போதும்." தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து மறு கண்ணால் பார்த்தது. பிறகு ஒரு குச்சியை உள்ளே போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டது. குச்சி மோதாமல் நெடுந்தூரம் உள்ளே விழுந்தது. ஓட்டை நிஜம்தான். ஆனாலும் நம்பாமல் இன்னொன்று போட்டது. இன்னும் நூறு போட்டது. குச்சியெல்லாம் குறுக்கே சிக்கி மெத்தையாகி நின்ற பிறகுதான் உள்ளே இறங்கி, ஐந்து முட்டை இட்டது.

அந்தப் புகைபோக்கி யாருடையது? பிரபுவின் அறையுடையது! ஊர் ஏறி வந்துவிடும் என்று பயந்து, இருந்த நிஜச் சன்னல்களையும் அவர் சுவர் வைத்து அடைத்திருந்தார். இப்போது புகை போக வழியில்லை. மூன்றாம் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டே குதிரையேறி மலைகளுக்கு அப்பால் போனவர்தான், திரும்பவே இல்லை. ஓஃப்கா அவரோடு போகவில்லை. பூட்டிய அறையிலிருந்து வேலைக்காரர்கள் அவளைத் திறந்துவிட்டதும், முதல் வேலையாக அடைத்த சன்னல்களை உடைக்கச் சொன்னாள். அம்ப்ரோஜோ கேட்டுக்கொண்டபடி புகைபோக்கியை மட்டும் யாரும் தொடவில்லை. எழுதிய நூறு சன்னலும் மதிலில் அப்படியே இருக்கின்றன.

ஐந்து குஞ்சுகள் பொரித்தன. ஐந்துக்கும் கண் வெள்ளை. ஆலை வாசலில் ரொட்டி விழும், அவை இரண்டு கண்ணாலும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத்தான் கொத்தும். டோரோத்தா தன் சொல்லைக் காப்பாற்றினாள். கவ்கா வந்து உட்கார்ந்தால் அந்த ஊரில் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேறு. மொரானாவை ஆற்றில் தள்ளிவிட்டு ஊர் வீட்டைப் பார்த்து ஓடும்போது, கோபுரத்திலிருந்து கவ்காக்கள் எல்லாம் இறங்கிப் பாலத்துக் கைப்பிடியில் வரிசையாக உட்காரும். தண்ணீரில் மிதப்பது வைக்கோல்தானா, வேறு யாராவதா என்று, அது ஆற்று வளைவில் மறைகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்க்கும். ஸ்மோல்கா கத்திய அன்று முதல்தான், திரும்பிப் பார்க்கும் வேலையை அந்த ஊர் வெள்ளைக் கண்களிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு ஓடுகிறது.